மகாராணிக்குப் பழகிய இயந்திரம்

மார்ச் 3, செவ்வாய்

புது இயந்திரம் இன்று ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. பழையதைப்போல் இரண்டு மடங்கு வேகம். அட்டை உள்ளே போவதும் தெரியவில்லை, வெளியே வருவதும் தெரியவில்லை. சோதனைக்கு வழக்கம்போல, நாங்கள் மகாராணி என்று பெயர் வைத்திருக்கும் பெண்ணின் படம்தான். யார் பெற்ற பெண்ணோ, நான் இங்கே வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அந்தப் படம்தான். வெளுத்த முகம், முத்துமாலை, பல் தெரியாத சிரிப்பு. அடையாள அட்டை அச்சிடும் இயந்திரத்தில் நாங்கள் எதை மாற்றினாலும் முதலில் அவளைத்தான் அச்சிட்டுப் பார்ப்போம். குப்பைக்கூடை நிறைய மகாராணி.

மேலாளர் கைதட்டினார். நாள் முழுக்க "அவசரம், அவசரம்" என்பதால் அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே அவசரம். இருபதாம் தேதி சரக்குக் கிடங்குக்காரர்கள் முன்னால் இதை ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் அவர்களுடைய எல்லாக் கிளைகளுக்கும் எங்கள் இயந்திரம்தான். முன்னோட்டமாக, அங்கே புதிதாகச் சேரும் ஆட்களின் அட்டைகளை இதிலேயே அச்சிட்டு, விழ விழ உறையில் போட்டு அனுப்பிவிட்டோம். அதில் தம்பியுடையதும் ஒன்று. வரும் திங்கட்கிழமை அங்கே வேலைக்குச் சேர்கிறான். அம்மா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

மார்ச் 9, திங்கள்

தம்பியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

காவல்காரர் அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீயா? யார் கார்டைத் தூக்கிட்டு வந்த?" என்று கேட்டாராம். மதியம் வரை காவல் அறை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். இன்னும் நாலைந்து பேர் அவனோடு. பிறகு யாரோ வந்து ஒரு தற்காலிகச் சீட்டு எழுதிக் கொடுத்து உள்ளே விட்டார்களாம்.

சாப்பிட உட்கார்ந்தபோது அட்டையை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். புருவமும் கண்ணும் ஒன்றாகக் கலந்து ஒரே இருட்டு. கன்னமில்லை, தாடையில்லை. சட்டைக் காலர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"நீங்க செஞ்ச மிஷின்தானேக்கா?"

அம்மா குறுக்கே புகுந்து, "கொஞ்சம் வெளிச்சத்துல நின்னு போட்டோ எடுத்திருக்கக் கூடாதா? உன் நிறத்துக்கு எப்பவுமே சரியா விழாதுல்ல" என்றாள்.

"மிஷினுக்கும் உன் கண்ணுதாம்மா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

முன்னறை அலமாரியில் நான் பட்டம் வாங்கிய படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அவன் படம் ஒன்றுகூட இல்லை. இத்தனை வருஷம் எனக்கு அது கண்ணில் படவே இல்லையே!

மார்ச் 10, செவ்வாய்

காலையில் முதல் வேலையாக அவன் படத்தை இயந்திரத்தில் கொடுத்தேன். பழைய வேகத்தில் தம்பி தம்பியாகவே வந்தான். புது வேகத்தில் அதே இருட்டு. இன்னொரு முறை. அதே இருட்டு.

காரணம் புரிந்துவிட்டது. எல்லாம் சூட்டு விவகாரம். வண்ண நாடாவின் மேல் அச்சுமுனை சூடாகும்போது சாயம் அட்டைக்கு இறங்கும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் சூடு போதும், அடர்ந்த நிறத்துக்கு நிறைய வேண்டும். பழைய வேகத்தில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே முனை ஆறிவிடும். இப்போது ஆற நேரமில்லை. மிச்சச் சூடும் சேர்ந்துகொண்டு சாயத்தை அப்பிவிடுகிறது. மகாராணியின் முகத்துக்கு முனை அவ்வளவு சூடாவதே இல்லையென்றால் மிச்சம் எங்கிருந்து வரும்? அவளை வைத்தே சோதித்து, அவளை வைத்தே கைதட்டியிருக்கிறோம். எங்கள் அறையில் பாதிப் பேர் என் தம்பி நிறம்தான். ஒருத்தருக்காவது தன் முகத்தைப் போட்டுப் பார்க்கத் தோன்றியதா? எனக்குத் தோன்றியதா?

அவசரத்திடம் போய்க் காட்டினேன். இரண்டு அட்டைகளையும் பார்த்தார், மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"போட்டோ சரியில்லம்மா. லைட்டு போட்டு எடுக்கச் சொல்லு."

"ரெண்டும் ஒரே போட்டோதான் சார்."

"வாங்க வர்றவங்க வேகத்தைத்தான் பார்ப்பாங்க. இருபதாம் தேதி முடியட்டும். அதுவரைக்கும் யாரும் மிஷின்ல கை வைக்கக் கூடாது."

மார்ச் 11, புதன்

தம்பிக்கு இன்னைக்கும் பெஞ்சுதான்.

மார்ச் 13, வெள்ளி

திங்கட்கிழமைக்குள் ஒழுங்கான அட்டையோடு வராவிட்டால் காத்திருக்கும் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்களாம். தம்பி இதைச் சாவதானமாகச் சொன்னான். அவன் சாவதானமாகப் பேசினால்தான் எனக்குப் பயம்.

"நீயே அடிச்சுக் குடுத்துடேன், உன் கையிலதானே இருக்கு" என்று அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்துப் போய்ச் சொன்னாள். சொல்வதற்கு முன்பே அடித்தாகிவிட்டது. யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பழைய வேகத்தில் ஓட்டி, கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். திருட்டுப்பூனை மாதிரி.

தம்பி வாங்கிப் பார்த்தான். நல்ல அட்டை.

"எனக்கு மட்டுமா?"

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் உள்ள போயிடுவேன். அவங்க அதே பெஞ்சுல உக்காந்து என்னைப் பார்ப்பாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்? எங்கக்கா அங்க வேலை பாக்குறான்னா?"

ஆனாலும் அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். வேலை வேண்டுமே. அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என்மேல்தான் வந்தது.

மார்ச் 17, செவ்வாய்

தம்பியை உள்ளே விட்டுவிட்டார்கள். மற்றவர்களுக்குக் கெடுவை இருபத்துமூன்று வரை தள்ளிப் போட்டிருக்கிறார்களாம். அவர்கள் இன்னும் பெஞ்சில்தான். தம்பி அட்டையை வெளியே தொங்கவிடாமல் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, குனிந்தபடி போகிறானாம். இதையும் அவனேதான் சொன்னான்.

அவசரத்திடம் மறுபடி போனேன். "சார், அந்த ஆளுங்களுக்காவது பழைய வேகத்துல அடிச்சு..." முடிக்கவிடவில்லை. "அட்டையை மாத்திக் குடுத்தா மிஷின்ல தப்புன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். உனக்கு இந்த வேலை வேணுமா வேணாமா?"

வேணும். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் வீடு இல்லை.

மார்ச் 20, வெள்ளி

இன்றுதான் ஓட்டிக் காட்டும் நாள்.

கிடங்கிலிருந்து வந்தவர் பாதுகாப்புப் பிரிவின் தலைமை அதிகாரி, ஒரு அம்மா. அதிகம் பேசாதவர். நான் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். மகாராணி ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தாள். எல்லோரும் "ஆகா" என்றார்கள். அந்த அம்மா மட்டும் தலையசைத்ததோடு சரி. அது அவசரத்துக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், உங்க கார்டையே இப்பவே அடிச்சுக் காட்டிடலாமா?"

சொல்லிவிட்டார். படமும் எடுத்தாகிவிட்டது. அது திரையில் வந்த பிறகுதான் அவசரம் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். என் தம்பி நிறம், இன்னும் ஒரு படி கூடவே. என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல், "பழைய வேகத்துக்குப் போட்டுடு" என்றார்.

அப்போ தெரியும். இந்த மனுஷனுக்குத் தெரியும்! போட்டோ சரியில்லை, லைட்டு சரியில்லைன்னு சொன்னப்பவே தெரிஞ்சிருக்கு.

என் விரல் வேகத்தைக் குறைக்கும் பொத்தானுக்கு மேலேயே இருந்தது. அமுக்கினால் அட்டை அழகாக வரும், என் வேலையும் நிலைக்கும். திங்கட்கிழமை பெஞ்சில் இருப்பவர்களின் இடத்தில் வேறு ஆட்கள் இருப்பார்கள். அவசரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரலை எடுத்துவிட்டேன்.

அட்டை விழுந்தது. அந்த அம்மாவே குனிந்து எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது யாரு?"

நான்தான் பேசினேன். "மேடம், உங்க வாசல்ல ஒரு பெஞ்சு இருக்கு. இதே மாதிரி கார்டு வெச்சிருக்கிறவங்களை அங்க உக்கார வெச்சிருக்காங்க. தப்பு மிஷின்ல. அவங்க மேல இல்ல."

அவர் கையிலிருந்த அட்டையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "அந்த பெஞ்சுல இருக்கிறவங்களை உள்ள அனுப்புங்க. கார்டு வர்ற வரைக்கும் பேர் கேட்டு அனுப்புங்க. நாளைக்கு இல்ல, இப்ப."

போகும்போது அந்த அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "எல்லா முகமும் வந்தப்புறம் கூப்பிடுங்க. சரிபண்றது யாரு? இவங்கதானே?" என்று அவசரத்திடம் கேட்டார். அவசரத்தால் ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது.

மார்ச் 21, சனி

போன் அடிக்கும்போதெல்லாம் வேலையை விட்டு நிறுத்தும் செய்தியோ என்று எட்டிப் பார்க்கிறேன். தம்பி கேட்டபோது அவனிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "பைத்தியம்" என்றான். என் தட்டையும் சேர்த்து அவனே கழுவி வைத்தான்.

ஏப்ரல் 8, புதன்

அவசரம் என்னிடம் பேசுவதில்லை. அடுத்த மேசையில் இருந்துகொண்டே சீட்டு எழுதி அனுப்புகிறார். நல்லதுதான், காதுக்கு ஓய்வு.

வேலைதான் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது. முனையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் போன வரியில் எவ்வளவு சூடானது என்று நினைவில் வைத்து, அந்த அளவுக்கு அடுத்த வரியில் குறைக்க வேண்டும். அதிகம் குறைத்தால் தம்பி முகத்தில் சாம்பல் பூசியது போல் கோடு கோடாக வருகிறது. குறைவாகக் குறைத்தால் பழைய இருட்டு. இதற்கெல்லாம் கணக்குப் போட இயந்திரத்துக்கு நேரம் போதவில்லை. வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

மகாராணிக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. இப்போது சோதனைக்கு ஓட்டுநர், கணக்குப் பிரிவு அக்கா, நான், தம்பி. குப்பைக்கூடையில் எங்கள் முகங்கள்.

ஏப்ரல் 27, திங்கள்

புது அட்டைகள் இன்று கிடங்கு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன. சொன்ன வேகம் இல்லை, பழையதைவிட ஒன்றரை மடங்குதான். அந்த அம்மா, "போதும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். எல்லாக் கிளைக்கும் வாங்குவார்களா என்று இன்னும் தெரியவில்லை. அவசரம் சீட்டில் "சரி" என்று எழுதி அனுப்பியிருந்தார். கையெழுத்துகூடப் போட்டிருந்தார்.

தம்பி வீட்டுக்கு வந்தபோது அட்டை சட்டைக்கு வெளியே தொங்கியது. கழற்ற மறந்துவிட்டான் போல. "என்னடா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கல. பார்த்தாங்க, விட்டுட்டாங்க. பெஞ்ச எடுத்து வேற எங்கயோ போட்டுட்டாங்க."

என் கைப்பையில், தம்பி முகத்தை வைத்துச் சோதனைக்கு அடித்த அட்டைகளில் ஒன்று கிடந்தது. குப்பையில் போடுவதற்காக மேசைமேல் எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அட்டையைக் காணோம். முன்னறை அலமாரியில், என் படத்தின் சட்டத்து ஓரத்தில் அம்மா அதைச் செருகி வைத்திருக்கிறாள். ஒரு பக்கம் சாய்ந்து விழப் பார்க்கிறது. நாளைக்கு அவனுக்கென்று தனியாக ஒரு சட்டம் வாங்கி வர வேண்டும்.