மரைக்காயர் தின்ற என் முட்டைகள்

4 மார்ச் 1907, திங்கள்

இன்றும் ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தார்கள். புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெசர் மாணிக்கம் வெந்நீரில் துணியை ஊறவைத்து உரித்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் வம்சத்தையே ‘வாழ்த்தி’னேன். மனிதர் பழகிவிட்டார், சிரிக்கிறார்.

தைப்பூசம் கழிந்த வாரம், டிராம் மணிக்கு என் வண்டி மாடுகள் மிரண்டு என்னைக் கீழே தள்ளின. அன்னாசிப் பாரத்தோடு வண்டிச் சக்கரம் காலில் ஏறியது. எலும்பு கூடிவிட்டதாம். சதைதான் வளரமாட்டேன் என்கிறது. முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண் வாயைத் திறந்தபடி கிடக்கிறது. சிராங்கூன் ரோட்டில் மருதப்பன் அதட்டினால் அடுத்தவன் மாடுகூட நிற்கும். என் சதை மட்டும் கேட்பேனா என்கிறது.

9 மார்ச்

ரத்தினம்மா வந்தாள். வழக்கம்போல மிளகு ரசம் சோறு, சுட்ட அப்பளம். வழக்கம்போல உபதேசமும்.

“கத்திரிக்காய் தொடாதீங்க. மீன் ஆகாது. முட்டை ஆகவே ஆகாது. சீழ் கோத்துக்கும். என் தாலிமேல சத்தியம் பண்ணியிருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்.”

இருக்கிறது, தாயே. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் முட்டையும் மீனும் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விடுகின்றன. அங்கே இப்ராஹீம் மரைக்காயர். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கயிற்றுக்கடை வைத்திருப்பவர். இரும்புக் கொக்கி விழுந்து பாதம் கிழிந்தவர். “அல்லா குடுக்கிறதை வேணாம்னு சொல்லலாமா மருதப்பா?” என்று கேட்டுக்கொண்டே உரிக்கிறார்.

17 மார்ச்

பெரிய டாக்டர் துரை புண்ணைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார். மாணிக்கத்தை விடாமல் கேட்டேன்.

“அடுத்த மாச நடுவுல திரும்பப் பாப்பார். அதுக்குள்ள சதை வரலைன்னா காலை எடுத்துடுவார்.”

எடுத்துடுவாராம்! முள்ளங்கியா இது, பிடுங்கி எடுக்க? ஒத்தைக் காலை வச்சுக்கிட்டு எப்படி வண்டி ஏறுவேன்? எவன் என் மாட்டை ஓட்டுவான்? ரத்தினம்மாகிட்ட எப்படிச் சொல்ல?

சொல்லப்போவதில்லை.

18 மார்ச்

கால் விரல்களை எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

21 மார்ச்

மரைக்காயர் தடியூன்றி வராந்தா வரை நடந்துவிட்டார். என் புண்ணுக்கும் அவர் புண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கன்னம் வேறு உப்பிக்கிடக்கிறது. வயிறு எரிகிறது. மனிதர் நல்லவர் என்பதால் திட்டவும் முடியவில்லை.

26 மார்ச்

மாட்டிக்கொண்டேன். முட்டை என் தட்டிலிருந்து மரைக்காயர் கைக்குப் போகும் நேரம் மாணிக்கம் வந்து நின்றார்.

“யார் முட்டை இது?”

மரைக்காயர் முட்டையை மெல்ல என் தட்டில் திரும்ப வைத்தார். நான் பத்தியத்தைச் சொன்னேன். ரத்தினம்மாவின் அப்பனுக்கு ஆணி குத்தி, மீன் தின்றதால் சீழ் வைத்த கதையையும் சொன்னேன். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது.

“நான் மருந்து வச்சு வச்சு மண்டை காயுறேன், நீ ரசத்தைக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கியா? சரி, உன் மாட்டுக்குக் கழுத்துல புண்ணு வந்தா என்னய்யா குடுப்பே?”

தொழில் விஷயம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். “பருத்திக்கொட்டை, புண்ணாக்கு. முட்டையை நல்லெண்ணெயில அடிச்சு மூங்கில் குழாயில ஊத்துவேன். தின்னாத்தானே சதை புடி—”

மரைக்காயர் சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மாட்டுக்குச் செய்ததை என் காலுக்குச் செய்யவில்லையே, மடையா!

27 மார்ச்

இரண்டு முட்டை தின்றேன். தாலியும் சீழும் கண்முன் வந்து வந்து போயின. பயமாகத்தான் இருக்கிறது.

5 ஏப்ரல்

சீழ் வரவில்லை. புண்ணின் அடியில் மாதுளை முத்துப் போல சிவப்பாகப் பொடிப்பொடியாக எழும்பியிருக்கிறது. அதுதான் புதுச் சதையாம். மாணிக்கம் தான் பெற்ற பிள்ளையைக் காட்டுவது போல எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

7 ஏப்ரல்

கட்டிலுக்கடியில் முட்டை ஓடு. ரத்தினம்மா பார்த்துவிட்டாள்.

“என் தாலி உங்களுக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சா?”

அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. “காலை வெட்டப்போறோம்னு சொல்லிட்டாங்கடி! நான் என்ன செய்வேன்?” என்று கத்திவிட்டேன். அழுகை சட்டென்று நின்றது. நேரே மாணிக்கத்திடம் போய், “அய்யா, கட்டைப் பிரிங்க, நான் பாக்கணும்” என்றாள். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். கொண்டுவந்த ரசத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோபமா? கும்பிடவா போனாள்? தெரியவில்லை.

13 ஏப்ரல், வருஷப்பிறப்பு

பிலவங்க வருஷம் பிறந்தது. ரத்தினம்மா புதுச்சேலை கட்டி, தூக்கோடு வந்தாள். மேல் அடுக்கில் மாங்காய்ப் பச்சடி. கீழ் அடுக்கைத் திறந்தேன் — குராவ் மீன் குழம்பு! வருஷப்பிறப்பன்று எங்கள் வீட்டில் மீன் வாசனை வந்ததே கிடையாது.

“சாப்பிடுங்க. புள்ளையாருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

கண் நிறைந்துவிட்டது. காரம் என்று சொல்லிவைத்தேன். மரைக்காயருக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை.

16 ஏப்ரல்

கத்தி இல்லை! டாக்டர் துரை புண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். தொடையிலிருந்து பொட்டுப் பொட்டாகத் தோல் கிள்ளிப் புண்மேல் நடப்போகிறாராம். நாற்று நடுவது போல. நடட்டும், எங்கே வேண்டுமானாலும் கிள்ளட்டும். கால் என்னுடையது!

11 மே

நட்டதில் பெரும்பங்கு பிடித்துக்கொண்டது. மரைக்காயர் வீட்டுக்குப் போனார். கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

3 ஜூன்

புண் மூடினால் போதும் என்று நினைத்திருந்தேன். கணுக்கால் மரக்கட்டையாகக் கிடக்கிறது. நர்ஸ் மிஸ்ஸி தினமும் பாதத்தைப் பிடித்து மேலும் கீழும் வளைக்கிறாள். வெள்ளைக்காரிக்கு அந்தப் பிஞ்சுக் கையில் அத்தனை பலம் எங்கிருந்து வந்தது? கட்டிலைப் பிடித்துக் கட்டிலுக்கு நடக்கிறேன். விழுகிறேன். வார்டே எனக்கு யோசனை சொல்கிறது.

21 ஜூன்

ஜும்மா முடிந்து மரைக்காயர் வந்தார். கையில் ஒரு கூடை முட்டை. “உன் முட்டையெல்லாம் வந்துருச்சுப்பா, இனிமே என்னைப் பாத்து மொறைக்காதே” என்றார். கூடையை வாசற்படியில் வைத்துக்கொண்டு, “வந்து வாங்கிக்க” என்றார். ஊன்றுகட்டை இல்லாமல், யாரையும் பிடிக்காமல் வார்டின் நீளம் முழுக்க நடந்துபோய் வாங்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். மாணிக்கம் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

20 ஜூலை, சனி

வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் என் வண்டி நின்றது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாடுகளை முன்னால் நடத்திக்கொண்டு வந்திருந்தவள் ரத்தினம்மா. “தெருவே பாத்துச்சு. பாத்தா பாக்கட்டும்” என்றாள். அடிபட்ட காலைத்தான் முதலில் தூக்கி வைத்து ஏறினேன். அவள் பின்னால் உட்கார்ந்தாள்.

சிராங்கூன் ரோட்டுக்குத் திரும்பும்போது எதிரே டிராம். மணி அடித்தது. மாடுகள் உடம்பைச் சிலிர்த்தன. முன்பலகையில் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிக் கயிற்றை இழுத்து ஓர் அதட்டல் போட்டேன். நின்றன. டிராம் எங்களைக் கடந்து போயிற்று.

கொஞ்ச தூரம் போனதும் ரத்தினம்மா என் தோளைத் தட்டினாள்.

“பாசார்ல வண்டியை நிறுத்துங்க. கத்திரிக்காய் வாங்கணும்.”