மதாம் சொன்ன ஓம்

மதாம்,

உங்கள் பெரிய மகன் நேற்று வந்து மா உருட்டும் கட்டையைத் தந்துவிட்டுப் போனான். குசினிச் சாமான்களைப் பங்கு பிரித்தபோது இது எனக்குத்தான் என்று மூன்று பிள்ளைகளும் சொன்னார்களாம். கடதாசியைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனேன். வெண்ணெயும் மாவும் ஊறிய வாசம், உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாணின் வாசம். கட்டையின் ஒரு முனையில் அந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது. அது எப்படி வந்தது என்று உங்கள் மகனுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பேச்சை எடுக்காமல் கோப்பியைக் குடித்துவிட்டுப் போனான். உங்கள் பிள்ளை, வேறெப்படி இருப்பான்.

ரூ காய் தெருவில் சேலைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் நீங்கள் இருந்தீர்கள். கூரையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போன கணவர், மூன்று பையன்கள், இத்தனைக்கும் நடுவில் செவ்வாய்க்கிழமைகளில் எங்களைப்போன்ற பெண்களுக்கு இலவசமாகப் பிரெஞ்சு வகுப்பு. ஆரம்பத்தில் உங்களை அல்லேலூயாக் கூட்டம் என்றுதான் நினைத்தோம். வேதாகமத்தைத் தூக்குவா, கவனம் என்று நாங்கள் கத்தோலிக்கப் பெண்கள் காதுக்குள் பேசிக்கொண்டோம். நீங்கள் தூக்கியதெல்லாம் சூப் சட்டி. பிரிபெக்சர் கந்தோர் வாசலில் விசாவுக்கு விடியமுதல் வரிசையில் நிற்கும் எங்களோடு வந்து குளிரில் நிற்பீர்கள். வீட்டுக்குப் போனால் பாத்திரம் கழுவியபடியே நீங்களும் பையன்களும் நாலு குரலில் பாடுவீர்கள், வாத்தியம் எதுவும் இல்லாமல். சனிக்கிழமை மாலையில் கணவரின் கால்களை வெந்நீரில் கழுவித் துடைப்பீர்கள். அந்தக் கால்களுக்கு உணர்ச்சியே இல்லை என்று நான் ஒருமுறை சொன்னேன். "என் கைகளுக்கு இருக்கிறதே" என்றீர்கள்.

மெனோனைட் சபை என்று நீங்கள் சொன்ன சொல் எங்கள் வாய்க்குள் நுழையவில்லை. வளர்ந்தபிறகுதான் ஞானஸ்நானம், ஆயுதம் தொடுவதில்லை, சத்தியம் செய்வதில்லை, இவ்வளவும்தான் விளங்கியது. இதற்காகவே உங்கள் முன்னோரைப் பிடித்து ஆற்றில் அமுக்கிக் கொன்றார்கள், தப்பியவர்கள் மலையிறங்கி வந்து பிரான்சின் கிழக்கில் மாடு வளர்த்தார்கள் என்று, பாணுக்கு மா பிசைந்துகொண்டே சொன்னீர்கள். "திருப்பி அடிக்கவே இல்லையா?" என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷெல் விழுந்து தகப்பனைத் துணியில் பொறுக்கிக் கட்டிய வீட்டிலிருந்து வந்தவள் நான். அடிக்காமல் செத்தவர்களின் கதையை ஒரு பெருமையாகக் கேட்க என்னால் முடியவில்லை.

வகுப்பில் எங்கள் வாயிலிருந்து அடிக்கடி விழும் சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஆணை என்றால் என்ன என்று கேட்டீர்கள். அம்மாவாணை, பிள்ளையாணை, மடு மாதாவாணை எல்லாவற்றையும் விளக்கினோம். பிறகு நீங்கள் கேட்டீர்கள்: "அப்படியென்றால் ஆணை போடாதபோது பொய்தான் சொல்கிறீர்களா?" நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அன்றிலிருந்து ஆம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ஓம், பிறகு இல்லை, இரண்டையும் தமிழிலேயே சொல்லப் பழகிவிட்டீர்கள். ஓம் உங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. வாயை மூடி முடிக்கிற சொல், அதற்குமேல் ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை என்றீர்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை வில்லியே லே பெல்லில் எங்கள் வீட்டில் அவன் என் தாடையை உடைத்தான். என்னைக் கட்டியவனின் பெயரை இன்றும் எழுத மனமில்லை, அவன் என்றே இருக்கட்டும். கறிக்கு உப்புக் கூடிப்போனதுதான் காரணம். ஒரு ரெஸ்ரோறண்ட் குசினியில் நாள் முழுக்க முதலாளியிடம் வாங்கிய ஏச்சை வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்கு இறக்குவது அவன் வழக்கம். அன்றைக்கு முஷ்டியால் இறக்கினான். ஒரு பல் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு ஆர்.ஈ.ஆர் ரயில் ஏறினேன். பெட்டியில் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள், பிறகு யன்னலைப் பார்த்தார்கள். கால்களுக்குப் பழகிய வழியில் நடந்து உங்கள் கதவைத் தட்டினேன். மாக்கையோடு பிள்ளையை வாங்கினீர்கள்.

மத்தியானம் அவன் வந்துவிட்டான். மணியை அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. மகள் மேசைக்குக் கீழே ஓடிவிட்டாள். நான் குசினி வாசலில் நின்று, இல்லையென்று சொல்லுங்கள் என்று கையாலும் கண்ணாலும் கெஞ்சினேன். நீங்கள் கதவைத் திறந்தீர்கள்.

"மதாம், என்ரை மனிசி இஞ்சையோ?"

"ஓம்" என்றீர்கள்.

அந்த நிமிடத்தில் அவனைவிட உங்களைத்தான் கொல்ல நினைத்தேன்.

அதற்குப் பிறகு பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னீர்கள். "இருக்கிறாள். நீங்கள் உள்ளே வர முடியாது." இரண்டு கைகளாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றீர்கள். ஐந்தடிக்கு மேல் உயரமில்லாத மனுஷி. அவன் உங்களை நெஞ்சில் தள்ளினான், நீங்கள் விடவில்லை. தூஷணத்தால் ஏசினான், விடவில்லை. கடைசியில் கதவை இழுத்து உங்கள் வலது கையில் அறைந்தான். விறகு முறிகிற சத்தம் கேட்டது. நீங்கள் கத்தவில்லை, அவன்தான் கத்தினான்.

கையில் அகப்பட்டது இந்தக் கட்டை. நான் ஓடிவந்து அவன் நெற்றியில் போட்டேன். இரத்தம் பீறிட்டு உங்கள் ஏப்ரனில் தெறித்தது. அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவனின் உச்சியைப் பார்த்து மறுபடி ஓங்கினேன். உங்கள் இடது கை குறுக்கே வந்து தள்ளியது. கட்டை கதவு நிலையில் போய் மோதியது. இந்தப் பள்ளம் அப்போது விழுந்ததுதான்.

"இல்லை" என்றீர்கள். அவனிடம் அல்ல, என்னிடம். முறிந்த கை தொங்கிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு வழக்கு வந்தது. அவன் விட்டுவிடுவானா. மனைவிதான் தன்னைத் தாக்கினாள், அவள் கையில் பிள்ளையை விடக்கூடாது, மதாம் படியில் வழுக்கி விழுந்தா என்று வழக்கறிஞர் வைத்துச் சொன்னான். உங்கள் கைக்காக நீங்கள் முறைப்பாடே கொடுக்கவில்லை. உங்கள் கணவர் உள்ளறைக் கட்டிலில், பையன்கள் வெளியில், நடந்ததைப் பார்த்த ஒரே சாட்சி நீங்கள். என் பிள்ளை உங்கள் வாயில் இருந்தாள்.

ரூ லூயி-பிளாங்கில் விமான ரிக்கற் போடும் அண்ணை ஒருவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "தங்கச்சி, மதாமிட்டைச் சொல்லு, நீ அடிக்கேல்லை எண்டு சொல்லச் சொல்லி. வெள்ளைக்காரி, அதுவும் வேதக்காரி. அவ சொன்னால் நீதவான் மறுபேச்சில்லாமல் நம்புவார்."

நான் உங்களிடம் வந்து அழுதேன். மடு மாதாவின் பெயரால் கேட்கிறேன், ஒரு சின்ன இல்லை மட்டும் சொல்லுங்கள் என்று காலில் விழப்போனேன். நீங்கள் முறிந்த கையில் போட்ட மாக்கட்டோடு என்னைத் தூக்கப் பார்த்து முடியாமல் நிலத்திலேயே எனக்கு அருகில் உட்கார்ந்தீர்கள். "என்னிடம் இரண்டு வகை ஓம் இல்லை, மகளே" என்றீர்கள். உங்களுடைய ஓம் நாசமாய்ப் போகட்டும் என்று நான் தமிழில் கத்தினேன். அதை மொழிபெயர்க்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை.

நீதிமன்றத்தில் வலது கையை உயர்த்தி, சத்தியம் செய்கிறேன் என்று சொல்லச் சொன்னார்கள். நீங்கள் உயர்த்தவில்லை. மாக்கட்டுப் போட்டிருப்பதால்தான் என்று நினைத்து, இடது கை போதும் மதாம் என்றார் நீதவான் இரக்கத்தோடு. "கையில் பிரச்சினை இல்லை ஐயா. உண்மை சொல்வேன், சத்தியம் செய்யமாட்டேன்" என்றீர்கள். சபையில் ஒரு சலசலப்பு. சாட்சி சொல்ல மாட்டேன் என்கிறீர்கள் என்றே நான் எண்ணினேன். நீதவான் பக்கத்தில் இருந்தவரோடு குசுகுசுத்தார், பிறகு உறுதியாகச் சொல்கிறேன் என்று சொன்னால் போதும் என்று விட்டுவிட்டார்.

அவனுடைய வழக்கறிஞர் எழும்பினார். இந்தப் பெண் கட்டையால் அடித்தாளா?

"ஆம்."

மறுபடி ஓங்கினாளா?

"ஆம். நான் தடுத்தேன்."

கொல்லத்தானே ஓங்கினாள்?

"நான் கையைத்தான் பார்த்தேன். மனதைப் பார்க்கவில்லை."

அவர் திருப்தியோடு உட்கார்ந்தார். நான் மகளை இழந்துவிட்டேன் என்று முடிவுகட்டினேன். அப்போது நீதவான் கேட்டார், உங்கள் கையை முறித்தது யார் என்று. நீங்கள் அவன் பக்கம் திரும்பி நேராகப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் பயங்கரமாக இருந்தது.

"இவர்."

அதைச் சந்தேகிக்க அந்த மண்டபத்தில் யாராலும் முடியவில்லை. எனக்கு எதிரான இரண்டு ஆம்களையும் அவர்கள் இப்போதுதான் கேட்டிருந்தார்கள். அவனுக்குச் சிறை, மகள் என்னோடு. நான் அடித்ததைத் தற்காப்பு என்று எழுதினார்கள். தற்காப்பும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, இரண்டாவது அடி கொல்லத்தான். அதற்காக நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை, உங்களுக்கும் அது தெரியும்.

நமக்குள் உண்மையான சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. மாதம் ஒருமுறை சிறைக்குப் போய் அவனைப் பார்த்துவருகிறீர்கள் என்று வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள். நான் படி ஏறிவந்து உங்கள் கோப்பைகளில் இரண்டை நிலத்தில் அடித்து உடைத்தேன். "ஆரைக் கேட்டு அவனை மன்னிச்சனீங்கள்? உடைஞ்சது என்ரை தாடை!" பிரெஞ்சு மறந்துபோய் எல்லாம் தமிழில் வந்தது. ஆனாலும் உங்களுக்கு விளங்கிவிட்டது. கோணலாய்ப் பொருந்திய உங்கள் மணிக்கட்டை எனக்கு முன்னால் நீட்டினீர்கள்.

"இதற்கு மட்டும்தான் மன்னித்தேன். உன் தாடை உன்னுடையது. அதை நான் எப்படி மன்னிப்பேன்?"

பிறகு துடைப்பத்தை எடுத்து வந்தீர்கள். உடைந்த துண்டுகளை இருவருமாகக் கூட்டி அள்ளினோம். அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள், என்னிடம் ஒருநாளும் அவன் பேச்சை நீங்கள் எடுத்ததில்லை. மன்னித்துவிடு என்று ஒருநாளும் புத்தி சொன்னதில்லை. உங்களை நான் நேசித்தது அதற்காகத்தான் என்று உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்கலாம்.

போன கிழமை உங்களை அடக்கம் செய்தோம். ஜெபவீட்டில் பூ குறைவு, பாட்டு நிறைய. உங்கள் பையன்கள் மூன்று குரலில் பாடினார்கள், நாலாவது குரல் இருந்த இடம் காலியாகவே இருந்தது. வருகிறவர்களை உள்ளே அனுப்ப என்னை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். தலை நரைத்து, தோள் ஒடுங்கி ஒருவன் வந்து எதிரில் நின்றான். நெற்றியில் இருந்த தழும்பைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டேன். என் கை தானாகப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டது. தாடைக்குள் பழைய இடத்தில் வலித்தது.

"உள்ளுக்கு வரலாமோ?" என்றான். நான் நிலையை விடவில்லை. அவன் நிலத்தைப் பார்த்துக் கேட்டான், "இன்னும் என்னிலை கோவமோ?"

சாவு வீடு. சுற்றிலும் உங்கள் சபையார், எல்லோரும் சாந்தமான முகங்கள். இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நல்லவளாகியிருக்கலாம்.

"ஓம்" என்றேன்.

அவன் தலையாட்டினான். திரும்பிப் போகத்தான் போனான். நான் நிலையிலிருந்து கையை எடுத்து விலகி நின்றேன். அவன் உள்ளே போய் உங்கள் பெட்டிக்கு அருகில், வலது கைப்பக்கமாக, நெடுநேரம் நின்றான்.

வீடு திரும்பும்போது ரயிலில் மகள் பிரெஞ்சில் கேட்டாள், அப்பாவை மன்னித்துவிட்டாயா என்று. இல்லை என்றேன். அப்படியென்றால் ஏன் உள்ளே விட்டாய் என்றாள்.

"அது மதாமின்ரை வாசல்" என்றேன்.