முப்பத்தாறு நீல டைல்ஸ்

ஜூன் 3

கணக்கு டீச்சரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுறது. பிழையை எண்ணாதே, சிவப்பு மை தீர்ந்துடும்.

ரெண்டு வருஷம் முன்னாடி மாற்றல் வாங்கிட்டுப் போனப்போ சொன்னியே, "ஊருக்கெல்லாம் டைல்ஸ் போடுறீங்க, நம்ம வீட்டுல பதினோரு வருஷமா வெறும் சிமெண்ட்"னு. நியாயம்தான். இப்ப முட்டி மடங்க மாட்டேங்குது. ஒரு தரை போட்டா ரெண்டு நாள் படுக்கை. ஆனாலும் நீ ஆசைப்பட்டு எடுத்த நீல டைல்ஸைப் பரண்லேருந்து இறக்கிட்டேன். முப்பத்தாறு இருக்கு. அந்த ரகம் இப்ப வர்றதில்லை.

உன் படிக்கிற அறையில அடுக்கிப் பார்த்தேன். ஆறுக்கு ஆறு, கச்சிதம். படிக்கட்டுப் பக்கச் சுவருக்கும் பார்த்தேன். கீழ எட்டு, அதுக்கு மேல ஏழு, ஆறுன்னு குறைஞ்சு உச்சியில ஒண்ணு. அங்கேயும் கூடல, குறையல! இதென்ன மாயம்?

நீ வர்றதா இருந்தா அறைக்கு. இல்லேன்னா படிக்கட்டுக்கு. நீ சொல்ற வரைக்கும் ஒட்ட மாட்டேன், சத்தியமா.

இப்படிக்கு,
முட்டிவலிக்காரன்

ஜூன் 15

முட்டிவலிக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. பதினாலு பிழை.

மாயமெல்லாம் இல்லை. ஒன்று என்ற எண்ணை விட்டுவிட்டால், சதுரமாகவும் முக்கோணமாகவும் அடுக்க வருகிற முதல் எண் முப்பத்தாறு. அடுத்தது ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்து. இன்னொன்றும் உண்டு. மூலையில் ஒன்று வையுங்கள். அதைச் சுற்றி மூன்று, பிறகு ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று. ஆறுக்கு ஆறு தானாக வந்து நிற்கும்.

இதை எழுதும்போது சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் களைப்பாக இருந்தது. இந்த வாடகை அறையின் தரை யாரோ போட்டது. நான் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அதுவே எனக்கு ஓய்வு.

படிக்கட்டுக்கே ஒட்டிவிடுங்கள். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

கணக்கு டீச்சர்

ஜூலை 2

டீச்சரம்மாவுக்கு,

ஆயிரத்து இருநூத்து இருபத்தஞ்சா? முட்டி தாங்காதும்மா.

சத்தியத்தை மீறிட்டேன். உன் பதில் வர்றதுக்கு முந்தியே அறை மூலையில ஆரம்பிச்சுட்டேன். ஒண்ணு, சுத்தி மூணு, அப்புறம் அஞ்சு. நீ எழுதுன அதே வரிசை. எத்தனை வீட்டுல அப்படிப் போட்டிருப்பேன், அதுக்குள்ள ஒரு கணக்கு இருக்குன்னு இப்பத்தான் தெரியுது. ஒன்பது ஒட்டியாச்சு. அப்ப பார்த்துத் தபால்காரர் உன் கடிதத்தோட வந்தார்.

உளி வச்சுப் பெயர்த்தேன். ஏழு முழுசா வந்துச்சு, ரெண்டு உடைஞ்சுது. ஆக முப்பத்துநாலு. சதுரத்துக்கும் ஆகாது, முக்கோணத்துக்கும் ஆகாது.

படிக்கட்டுச் சுவர்ல ஒட்டிட்டேன். நடுவுல ரெண்டு இடம் வெறும் சிமெண்ட். பார்க்கிறவங்க எல்லாம், "என்ன மேஸ்திரி, கணக்கு தப்பிடுச்சா?"ங்கிறாங்க. "கணக்கெல்லாம் சரிதான். பதினோரு வருஷம் சும்மா இருந்துட்டு, ஒரு வாரம் அவசரப்பட்டுட்டேன்"னு சொல்றேன். சிரிக்கிறாங்க.

உன் அறையைக் கூட்டிப் பூட்டியாச்சு. இதுக்குப் பதில் போட வேணாம். பிழையை மட்டும் எண்ணிக்கோ.

ஒத்தடம் கொடுத்தேன். பரவாயில்லை.

முட்டிவலிக்காரன்