கண்டக்டர் கையில் போன காலி அட்டை

கூக்கால்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள விக்னேஷ் அண்ணனுக்கு,

லாவண்யா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். இந்த முறை ஒப்புக்கு எழுதவில்லை. நேற்று பூண்டு வியாபாரியை வாசலிலேயே நிறுத்தி, "ஏலே, இது பூண்டா கூழாங்கல்லா? சும்மா அள்ளிட்டுப் போற வெலையச் சொல்றே" என்று அம்மா விரட்டிவிட்டாள். தெருவே சிரித்தது. இரண்டு வருடமாய் அரைத்தூக்கத்தில் சுவரைப் பார்த்துக் கிடந்தவள்.

போனில் பேசினால் பக்கத்திலேயே வந்து நிற்கிறாள். அதனால்தான் திருப்பூருக்குக் கடிதம்.

பூண்டுக் காட்டில் அம்மாவுக்கு இடுப்பு பிடித்தபோது மலைக்குக் கீழே ஒரு டாக்டரிடம் காட்டினோமே, அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வலி மாத்திரை எழுதி, "தொடர்ந்து போடுங்க" என்றார். எதுவரைக்கும் என்று சொல்லவில்லை. மலைக்காரி கேள்வி கேட்கமாட்டாள் என்ற தைரியம். நம் ஊர் வழக்கம் உனக்கே தெரியும்: காலி மாத்திரை அட்டையைக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் சாயங்காலம் புது அட்டை வந்துவிடும். மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கேட்பாரில்லை. ஒன்று இரண்டாகி, பிறகு போடாவிட்டால் கை நடுங்கியது.

இப்போது மருத்துவ வண்டியில் வரும் டாக்டர் புவனாதான் அம்மாவைப் படுக்கவைத்து இடுப்பை அமுக்கிப் பார்த்தார். "வலி போய் நாளாச்சு, மாத்திரைதான் விடமாட்டேங்குது" என்றார். திடீரென்று நிறுத்தினால் ஆபத்தாம். கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைத்தார். இனி அட்டை வாங்கி வரவேண்டாம் என்று கண்டக்டரிடமும் அவரே போய்ச் சொன்னார். "பாதி மாத்திரை குடுக்கிறியே, நீ டாக்டருக்குப் படிச்சியா, பலசரக்குக் கடையில நிறுக்கப் படிச்சியா?" என்று அம்மா ஏசினாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வாரமும் வந்தார்.

புதன்கிழமை உன் பார்சல் வந்தது. அம்மா உன்னிடம் ரகசியமாய் மாத்திரை கேட்டிருக்கிறாள், நீயும் அனுப்பிவிட்டாய். பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடுங்க எனக்குப் பயமாயிருந்தது. வண்டி வந்ததும் எழுந்து போய் டாக்டர் கையில் வைத்தாள். "எம் மகன் பாசத்துல அனுப்பிட்டான். நீங்களே வச்சுக்கங்க. நாளைக்கு நானே வந்து கேட்டாலும் குடுத்துராதீங்க, தாயி."

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, "ஒங்களுக்கு யாரு மாத்திரை குடுக்க?" என்றாள். மூவரும் சிரித்தோம்.

அண்ணா, உன்னிடம் அவள் மறுபடி கேட்பாள். அழுவாள். பெத்தவளுக்கு ஒரு மாத்திரை வாங்கித் தர வக்கில்லையா என்பாள். இல்லை என்று சொல். ஆனால் போனை வைத்துவிடாதே. அவள் ஏசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிரு.

உன் தங்கை,
லாவண்யா