கோட்டின் மேல் விரல்

டூவாலா, கேமரூன்,
வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு,

உன் கல்யாணத்தில் நான் பேஸ் கிட்டார் வாசிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஈஸ்டரில் நான் வாசித்தபோது சுருதி தாழ்ந்திருந்தது உண்மைதான். என்னைப் பிரிந்துபோன உன் அப்பா வருவதால்தான் உனக்கு இந்த யோசனை என்று நான் சொல்லவில்லை.

மற்ற கிட்டார்களில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைக்குச் சற்றுப் பின்னால் விரலை அழுத்துவோம். என்னுடையதில், சுரங்கள் இழைந்து வரட்டும் என்று கட்டைகளைப் பிடுங்கி, பள்ளங்களை மரப்பசையால் அடைத்துவிட்டேன். அந்த இடங்களில் கோடுகள் மட்டும் மிஞ்சின. ஆனால் பழக்கதோஷத்தில் கோட்டுக்கும் பின்னால்தான் அழுத்தி வந்தேன். ஒவ்வொரு சுரமும் தாழ்ந்தது.

எங்கள் குழுவில் டிரம்ஸ் அடிக்கும் மூதிக்கிதான் கண்டுபிடித்தான். "என்னம்மா, இவ்வளவு படிச்சிருக்கீங்க, ஒரு கோட்டுக்குப் போய் பயந்து ஒதுங்கி நிக்கிறீங்க? அது மேலயே ஏறி மிதிங்க!" என்று சிரித்தான்.

நான் உடனே நம்பவில்லை. பக்கத்துத் தந்தியைச் சும்மா ஒலிக்கவிட்டு, அதே சுரத்தை இந்தத் தந்தியில் கோட்டின் மேலேயே அழுத்திப் பார்த்தேன். இரண்டு ஒலிகளுக்கும் நடுவே இருந்த நடுக்கம் நின்றுவிட்டது. மூன்று மாதமாகத் தினமும் இப்படித்தான் சரிபார்க்கிறேன். இப்போது கோட்டைப் பார்ப்பதுகூட இல்லை.

கல்யாணத்தன்று முன்வரிசையில் உன் அப்பா பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் என் விரல் வழுக்காது.

எனக்குப் பதிலாக நீ பேசி வைத்திருக்கும் வாசிப்பாளரும் வரட்டும். அவருக்கு வயிறு நிறைய ந்தோலே கீரைக்கறியும் பொரித்த வாழைப்பழமும் போடு. சாப்பிட்டுவிட்டு, என் வாசிப்புக்கு அவர் ஆடட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா