கடைசிக் கால் மணி நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். நாங்களும் நலம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும், கை வரவில்லை, அதை விட்டுவிடுகிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் பேசினால் கட்டிலில் இருக்கும் அம்மா காதில் விழுகிறது, வெளியே வந்து பேசலாமென்றால் உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. அதனால் தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே படம் ஓடுகிறது, டிக்கெட் சட்டைப் பையில் இருக்கிறது, உள்ளே போகத்தான் கால் வரவில்லை.

அம்மா படுத்ததிலிருந்து வாரம் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லுங்கள் என்று என்னைத் துரத்திவிடுகிறாள். கீழ்வீட்டில் பார்லர் வைத்திருக்கும் பெண் அந்த மூன்று மணி நேரம் துணைக்கு இருக்கிறாள். முதலில் ஒரு பேய்ப்படம் பார்த்தேன். லிஃப்ட் கதவு தானாகத் திறக்கிறதாம், உள்ளே ஆளே இல்லையாம், கதாநாயகி அலறுகிறாள். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனிடமா இந்தக் கதை? கதவு சென்சாரில் தூசி, துணியால் துடைத்தால் பேய் போய்விடும். அடுத்து போலீஸ் படம், வில்லன் தன் ஆட்களையே சுட்டுத் தள்ளியது போக மிச்சமிருந்தவர்களைத்தான் போலீஸ் பிடித்தது. சிரிப்புப் படம் என்று ஒன்று, தியேட்டரில் சிரித்தது பாப்கார்ன் விற்கிறவர் மட்டும், அவரும் தன் போனைப் பார்த்துச் சிரித்தார். விண்வெளிப் படத்தில் நன்றாகத் தூங்கினேன், அம்மாவுக்கு அந்த இடத்தையெல்லாம் என் கைச்சரக்கைப் போட்டு நிரப்பினேன். மனசைத் தொட்டது போன வாரம் பார்த்த காதல் படம்தான். வயசான ரயில் டிரைவரும் ஒரு தையல்காரியும், இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில் நல்ல படம் என்பேன், கடைசியில் அவள் இறந்துவிடுகிறாள். நான் வீட்டுக்கு வந்து, இரண்டு பேரும் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

இது இன்று நேற்றுப் பழக்கமில்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சாயங்கால ஷிஃப்ட் இருந்ததே, எந்தப் படத்துக்குப் போனாலும் முடிய கால் மணி நேரம் இருக்கும்போது எழுந்து ஓடுவாள், மறுநாள் காலையில் முடிவை நான் சொல்ல வேண்டும். தினமும் ஆஸ்பத்திரியில் பார்ப்பது போதாதா என்று, படத்தில் செத்தவர்களையெல்லாம் நான் பிழைக்க வைத்தேன். அது அவளுக்குத் தெரியாது, இன்று மத்தியானம் வரை. பார்லர்ப் பெண் வந்ததும் வராததுமாக, நானும் அந்த ரயில் டிரைவர் படம் பார்த்தேங்க்கா, கடைசியில அந்தம்மா செத்துப்போச்சே, எனக்குத் தாங்கலக்கா என்று மூக்கைச் சிந்தினாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பழைய படங்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்த வாத்தியார்? செத்துட்டார். மலையேறப் போன அண்ணன் தம்பி? ஒருத்தன்தான் திரும்பி வந்தான். பாவி மனுஷா, எத்தனை பேரை எனக்காகப் பொழைக்க வச்சீங்க என்று இருமல் வரும்வரை சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அன்னைக்கு என்னை வீல்சேர்ல வெளியில விட்டுட்டு நீங்க மட்டும் உள்ளே போனீங்களே, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

மருந்து மாற்றியிருக்கிறார், சரியாகிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தேன். இனி மருந்து வலிக்கு மட்டும்தான் என்பதை நான் சொல்லவில்லை. நான் லீவு போட்டு வரும்வரை வாயைத் திறக்காதீங்கப்பா என்று நீ சொன்னாய், அதன்படிதான் இருந்தேன். இப்போதும் படத்துக்கு நேரமாச்சு என்று செருப்பைத் தேடினேன், வெட்கங்கெட்டவன். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து சொன்னாள், இந்தப் படத்துக்கு நான் பாதியில எழுந்து போக முடியாதுங்க, கடைசி வரைக்கும் நான்தான் இருந்தாகணும், சாயங்காலம் வந்து உள்ளபடி சொல்லுங்க.

என்ன சொல்லட்டும் பாப்பா? இது உன் கைக்கு வருவதற்குள் நான் எதையாவது உளறியிருப்பேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று, பயப்படாதீங்க, அஞ்சே நிமிஷம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எத்தனை நிமிஷம் ஆகும் என்று எனக்கே தெரியாது, ஆனாலும் கடைசியில் கதவைத் திறந்துவிடுவேன். இதைத் திறக்க எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. லீவை இரண்டு மாதம் கழித்து என்று வைக்காதே, இந்த மாதமே கேள். போனில் அம்மாவிடம் அந்தப் பொய்ச் சிரிப்புக் குரலில் பேசாதே, அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

படம் விட்டுவிட்டார்கள், எல்லாரும் வெளியே வருகிறார்கள். முடிவு என்னவென்று யாரையாவது கேட்டுக்கொள்ளலாமா என்று எழுந்தேன், கேட்கவில்லை. வீட்டுக்குக் கிளம்புகிறேன், அம்மா காத்திருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா