தார்ப் பரலுக்கு ஒரு மெழுகுதிரி

2001 ஓகஸ்ட் 3, வெள்ளி
கொட்டாஞ்சேனையில் குடியிருப்பதை விட ஒரு சைலன்சருக்குள் குடியிருக்கலாம். துறைமுகத்து லொறியெல்லாம் எங்கள் தெருவால்தான். காலையில் துடைத்த யன்னல் மத்தியானம் கறுப்பு. மகள் ஐறீனுக்கு இன்றும் முட்டு, மூச்சு விசிலடிக்கிறது. "புகைதான் பிள்ளைக்குக் கூடாது, வீட்டை மாத்துங்கோ" என்றார் டொக்டர். மாத்துறதாம்! கொழும்பிலை தமிழாக்களுக்கு வீடு குடுக்க ஆக்கள் வரிசையிலை நிக்கினம் பாருங்கோ.

ஓகஸ்ட் 6, திங்கள்
தெருவின் இரண்டு முனையையும் ஆமி தார்ப் பரல், வெறும் இரும்புப் பீப்பாய்கள், வைத்து மூடிவிட்டது. ஏன்? யாருக்கும் தெரியாது. காவலுக்கு நிற்கிற ஆமிக்காரனுக்கும் தெரியாது. பாண் வாங்கப் போக ஐசி அடையாள அட்டை காட்டவேணும், திரும்பி வரவும் ஐசி. என் மனுசன் பற்றிக் துறைமுக வேலையால் வந்து கத்தினார்: "இது வீடோ, மறியல்சாலையோ?"

ஓகஸ்ட் 19, ஞாயிறு
ஒரு லொறி இல்லை. ஐறீன் மல்லாந்து படுத்து நித்திரை கொண்டாள். மல்லாந்து! எழுதவே பயமாக இருக்கிறது, கண்பட்டுவிடும்.

ஒக்டோபர் 16, செவ்வாய்
கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். பற்றிக் சமாதானம் வரவேணும் என்று மெழுகுதிரி கொளுத்தினார். நான் பக்கத்தில் நின்று, பரலை எடுக்கக் கூடாது என்று கொளுத்தினேன். எதிர்க்கடை மர்லியாவும் ஒன்று தந்துவிட்டிருந்தாள். பாவம், தெரு மூடியதிலிருந்து அவள் கடைக்கு ஈ காக்கா கூட வருவதில்லை. "றோட்டைத் தொறக்கச் சொல்லி ஒங்கட அந்தோனியார்கிட்ட சொல்லுங்க." கொளுத்தினேன்தான். காற்றடிக்கிற பக்கமாகப் பார்த்து.
சண்டை முடியக் கூடாது என்றா கேட்கிறேன்? முடியட்டும். பரல் மட்டும் இருக்கட்டும்.

2002 பெப்ரவரி 23, சனி
நேற்று சண்டை நிறுத்த ஒப்பந்தம். இன்று பரல்களை ஏற்றிப் போனார்கள். பிய்ந்த ஒன்றை மட்டும் மதிலோரம் விட்டுவிட்டார்கள். நான் அழுதேன். "நோனா, சந்தோசத?" என்று ஆமிக்காரனும் கண் கலங்கினான். முதல் லொறிக்குத் தெருவே கைதட்டியது. பற்றிக் ஐறீனைத் தோளில் தூக்கி டாட்டா காட்ட வைத்தார்.

பெப்ரவரி 26, செவ்வாய்
முட்டு. வாயில் மருந்துப் பம்ப் அடித்தும் நிற்கவில்லை. பிள்ளை என் சட்டையைப் பிடித்த பிடி விடவில்லை, உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. அந்தோனியாரே, உமக்குக் கண்ணில்லையே?

பெப்ரவரி 28, வியாழன்
விடிய எழும்பினால் பற்றிக்கைக் காணோம். தெருமுனையில், இடுப்பில் சாரத்தோடு, அந்தப் பிய்ந்த பரலை நடு றோட்டில் நிமிர்த்தி வைத்துவிட்டு நிற்கிறார்! லொறி ஒன்று வந்து நின்றது. ட்ரைவர் இறங்கி, ஒரு வார்த்தை கேட்காமல், ஐசியை எடுத்து நீட்டினான். பற்றிக் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.
"பார வஹலா" என்றார் சிங்களத்தில். றோட்டு மூடியிருக்காம்! லொறி றிவேர்ஸ் எடுத்துப் போய்விட்டது.
சமாதானத்துக்கு மெழுகுதிரி கொளுத்தின மனுசன். கிட்டப் போய்க் கேட்டேன்.
"என்னப்பா இது?"
"கதையாதையும். இன்னொண்டு வருது. என்ரை காக்கிச் சேர்ட்டை எடுத்து வாரும்."
துறைமுகத்துத் தொப்பியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.